கூட நிக்க ஆள் உண்டா?

நாகர்கோவில் பக்கம் எந்த ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாலும் முதலில் காதில் விழுகிற கேள்வி இது: "கூட நிக்க ஆள் உண்டா?" மருந்துச் சீட்டோடு கீழே ஓட, ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடித்துவர, ராத்திரி குளுக்கோஸ் தீரப்போகிற நேரம் பார்த்து நர்ஸைக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். கேரளத்தை ஒட்டிக் கிடப்பதால் 'பைஸ்டாண்டர்' என்ற சொல்லும் எங்களிடம் உண்டு. பள்ளிக்கூடமே போகாத ஆச்சிகளும் அதைச் சரளமாகச் சொல்வார்கள். 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கியது முதல் இந்த மாவட்டம் ஆஸ்பத்திரிகளோடு பழகி வந்திருக்கிறது. நோயாளியின் தலைமாட்டில் சொந்தக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பதையும் வைத்தியத்தின் ஒரு பாகமாகவே இங்கே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆபரேஷன் தியேட்டரை விட்டால், அந்த ஆளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிற இடம் ஐசியூதான். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், ஒருவர் மட்டும் என்று உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வராந்தா நாற்காலி. பிறகு ஒரு நாள் "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்று சொல்லி, அதுவரை ஆறேழு நர்ஸுகள் முறைபோட்டுப் பார்த்த வேலையை அதே ஆளின் கையில் மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள்.

மூச்சு கொடுக்கிற வெண்டிலேட்டரைக் கழற்றியபின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை இப்போது பார்ப்போம். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் பார்த்துவிட்டேன்.

2018 ஐப்பசி. கும்பப்பூ நடவு முடிந்த நேரம். தேரூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. கால் வெடிப்போடு சேற்றில் நின்ற அப்பாவுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவக் கிருமி தோல் வெடிப்பு வழியாக ரத்தத்துக்குள் போகும். பலருக்குக் காய்ச்சலோடு போய்விடும். சிலருக்குக் கண் மஞ்சளாகும், சிறுநீரகம் நிற்கும், நுரையீரலில் ரத்தம் கசியும். அப்பாவுக்கு மூன்றும் ஆனது. பத்தொன்பது நாள் ஐசியூவில் இருந்தார், அதில் பதினொரு நாள் வெண்டிலேட்டர். பிழைத்துவிட்டார். போகும்போது 64 கிலோ, வரும்போது 52.

வந்த அன்று படிப்புரையின் இரண்டு படியை அவரால் ஏற முடியவில்லை. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தோம். அம்மா உளுந்தங்கஞ்சி காய்ச்சி சில்வர் டம்ளரில் கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்தார். டம்ளர் உதடு வரை போகவில்லை. பாதி வழியில் கை நடுங்கி, கஞ்சி மார்பில் கொட்டியது. அறுபத்தொரு வயது மனிதர், ஒரு மாதம் முன்பு நாற்றுக்கட்டு சுமந்தவர், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அம்மா துடைத்துவிட்டு, ஸ்பூனால் கொடுக்கத் தொடங்கினாள்.

இதை வெறும் 'படுத்துக் கிடந்த அசதி' என்று சொல்லிவிட முடியாது. 2013இல் லண்டன் ஆய்வாளர்கள், ஐசியூ நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டால் தொடர்ந்து அளந்தார்கள். பத்தே நாளில் அதன் குறுக்குப் பரப்பு சராசரியாக 18 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களிடம் இழப்பு இன்னும் அதிகம். உடம்பு முழுக்க அழற்சி பரவும்போது, தசையில் புதுப் புரதம் கட்டும் வேலை மந்தமாகி, இருப்பதை உடைக்கும் வேலை வேகம் பிடிக்கிறது. வீட்டில் அரிசி தீர்ந்தால் விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிற நிலை அது. தசையை இயக்கும் நரம்புகளும் சேர்ந்து பழுதாகின்றன. அதனால்தான் நல்ல சாப்பாடு போட்டால் பத்து நாளில் தேறிவிடுவார் என்ற கணக்கு தப்பிப் போகிறது. கனடாவின் டொராண்டோவில் மார்கரெட் ஹெரிட்ஜ் என்ற மருத்துவர், கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்க்கும் சோதனையில், ஐந்தாம் ஆண்டிலும் அவர்கள் நடந்தது எதிர்பார்க்கிற தூரத்தில் 76 சதவீதம்தான்.

உடம்புகூடப் பரவாயில்லை. அம்மாவை உடைத்தது வேறு. மூன்றாம் நாள் காலையில் மாத்திரை கொடுக்கப் போனவளிடம் அப்பா சொன்னார்: "ஏட்டி, நீதானே என்னைய எழுதிக் குடுத்த?"

அவர் கணக்கில் நடந்தது இது: பழையாற்றில் ஒரு படகில் அவரைக் கட்டிப் போட்டிருந்தார்கள். படகு இரவும் பகலும் அசைந்துகொண்டே இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் அவரை யாருக்கோ விற்க விலை பேசினார்கள். அம்மா கரையில் நின்று தாளில் ஒப்புப் போட்டாள். இதை அவர் கனவாகச் சொல்லவில்லை. நடந்த விஷயமாகச் சொன்னார். முப்பத்தைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள் பத்தொன்பது நாள் வராந்தாவில் கிடந்துவிட்டு வந்து இதைக் கேட்டாள். வாயைத் திறக்கவில்லை. அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உறவுக்காரர்கள் பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அன்பில் செய்தது, குறை சொல்ல மாட்டேன். காரணம் மூளைக்குள் இருந்தது. கடும் நோய், மயக்க மருந்து, பகலும் இரவும் ஒரே வெளிச்சத்தில் தூக்கமில்லாமை எல்லாம் கூடும்போது மூளையின் விழிப்பும் கவனமும் குலைந்து போகின்றன. மருத்துவர்கள் 'டெலீரியம்' என்கிறார்கள். நம் சொல்லில் சித்தக்குழப்பம். அந்த நிலையிலும் மூளை சும்மா இருக்காது. வந்து விழுகிற துண்டுகளைக் கோத்து ஒரு கதை கட்டும். டியூபைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கையைத் துணியால் கட்டினால், கதையில் அது சிறை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், 821 நோயாளிகளில் 74 சதவீதம் பேருக்கு இந்தக் குழப்பம் வந்திருந்தது. ஒரு வருஷம் கழித்துச் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்குப் பேரின் நினைவும் சிந்தனையும், தலையில் நடுத்தரக் காயம் பட்டவர்களின் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. வயதானவர்களுக்கு மட்டுமல்ல, இளைஞர்களுக்கும் இப்படி நேர்ந்தது. பால்காரருக்குக் கொடுத்த பாக்கியை அப்பா மூன்று தடவை திரும்பக் கொடுக்கப் போனதெல்லாம் இதில் சேர்ந்ததுதான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

ஐசியூ என்பதே புதிது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர், மூச்சு நின்றுபோன பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டு, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்று கொடுத்துக் காப்பாற்றினார். அதன்பின் சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து மாதக்கணக்கில் பை அமுக்கினார்கள். அங்கிருந்து தொடங்கியதுதான் தீவிர சிகிச்சை. பிழைத்தவர்கள் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 2010இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் கூட்டிய கூட்டத்தில்தான், உடல் பலவீனம், நினைவுக் குறைவு, மனத் துயரம் மூன்றையும் சேர்த்து 'தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்த்தொகுதி' என்று பெயரிட்டார்கள். 2012இல் அது அச்சில் வந்தது. அதே பெயரில் குடும்பத்துக்கும் ஒரு பிரிவு ஒதுக்கினார்கள். நோயாளிக்கு வருவதைப் போலவே, வராந்தாவில் காத்திருந்தவருக்கும் வருகிறது என்பதை மருத்துவம் ஒரு பெயர் சொல்லி ஒப்புக்கொண்டது.

சுசீந்திரத்தில் பிறந்த எங்களுக்கு ஒரு கதை தாய்ப்பாலோடு வரும். அத்திரி முனிவர் வெளியே போயிருந்த நேரம் மும்மூர்த்திகளும் பிச்சைக்காரர்களாக வந்து அனசூயையைச் சோதிக்கிறார்கள். அவள் கணவனின் பாதம் கழுவிய நீரைத் தெளிக்க, மூவரும் கைக்குழந்தைகளாகிவிடுகிறார்கள். அவள் அமுதூட்டித் தாலாட்டுகிறாள். பிறகு மூன்று தேவியரும் தேடி வந்து, எங்கள் கணவர்களைப் பழைய உருவில் திருப்பிக் கொடு என்று மன்றாடுகிறார்கள். தாணுமாலயன் கோயிலின் தலபுராணம் அது. சின்ன வயதில் எனக்கு அனசூயைதான் பெரிதாகத் தெரிந்தாள். அப்பாவுக்கு அம்மா ஸ்பூனால் ஊட்டுவதைப் பார்த்தபிறகு அந்தத் தேவியரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். பழைய உருவில் திருப்பிக் கொடு என்றுதானே ஐசியூ வாசலில் எல்லோரும் கேட்கிறோம். தேவியருக்கு அப்படியே கிடைத்தது. நமக்குக் கிடைப்பவர் வேறு ஆளாக வருகிறார். அம்மா அவரை ஊட்டி வளர்க்கவும் வேண்டியிருந்தது, பழைய மனிதரை நினைத்து அழவும் வேண்டியிருந்தது.

தமிழ்நாடு முழுவதும் பார்த்த ஓர் உதாரணமும் உண்டு. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டு, பிறகு நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோகப்பட்டார். அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி சிறுநீரகம் கொடுத்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்த நாளை ஊர்கள் திருவிழாவாகக் கொண்டாடின. அவர் பேச்சு முன்போல் திரும்பவில்லை. 1987 டிசம்பர் வரை வாழ்ந்தார். அந்த வரவேற்பு நம் நினைவில் நிற்கிற அளவுக்கு, அடுத்த மூன்று வருஷம் அவரும் வீட்டாரும் அந்த உடம்போடு எப்படி நாளைத் தள்ளினார்கள் என்பது நிற்கவில்லை. ஒவ்வொரு தெருவிலும் இதே கதைதான். திரும்பி வந்த நாள் எல்லோருக்கும் தெரியும், அதற்கடுத்த நூறு நாள் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும்.

அம்மாவுக்கு வருவோம். ராத்திரி இரண்டரைக்கு எழுந்து அப்பாவின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று கை வைத்துப் பார்ப்பாள். கன்னியாகுமரி ரோட்டில் 108 சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஐசியூவிலிருந்து கூப்பிடும்போது அடித்த அதே ரிங்டோன் என்பதால் போனை மௌனத்தில் போட்டுவிட்டாள்; ஷார்ஜாவில் இருக்கும் தம்பி கூப்பிட்டால்கூட எடுப்பதில்லை. அப்பா ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். அம்மா தேறவில்லை. வயசாகிறது, அசதி என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

2005இல் பிரான்ஸின் 21 ஐசியூக்களில் ஏலி அசூலே குழு 284 குடும்பத்தாரை மூன்று மாதம் கழித்துக் கேட்டது. மூன்றில் ஒருவருக்கு, பெரும் விபத்தில் சிக்கியவர்களுக்கு வருகிற மன அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. தகவல் சரியாகச் சொல்லப்படவில்லை என்று நினைத்தவர்களிடமும், முடிவெடுப்பதில் பங்கு கொண்டவர்களிடமும் அது பாதியை எட்டியது. தொண்டையில் துளை போடலாமா என்று ராத்திரி மூன்று மணிக்குக் கேட்டபோது கையெழுத்துப் போட்டது அம்மா. பெரிய மாமாவைக் கேட்க வேண்டும் என்று சொல்லக்கூட நேரமில்லை. அந்தக் கையெழுத்தைத்தான் அப்பா 'எழுதிக் குடுத்த' என்றார் என்பது எங்கள் எல்லோருக்கும் பின்னால்தான் உறைத்தது.

2016இல் கனடாவில் வந்த ஆய்வு இன்னும் முக்கியம். ஒரு வாரத்துக்கு மேல் வெண்டிலேட்டரில் இருந்து பிழைத்தவர்களைப் பராமரித்த 280 பேர். பெரும்பாலும் பெண்கள், மனைவிமார். தொடக்கத்தில் 67 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. ஒரு வருஷம் கழித்தும் 43 சதவீதம் பேருக்குத் தீரவில்லை. ஆய்வாளர்கள், நோயாளியின் நிலை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு மனைவியின் மனம் சோரும் என்று பார்க்கப் போனார்கள். அப்படி ஒரு தொடர்பு பிடிபடவில்லை. பராமரிப்பவருக்கு உதவி செய்ய ஆள் இருக்கிறதா, தன் சொந்த வேலைகளையும் வாழ்க்கையையும் எவ்வளவு இழந்தார், நிலைமை தன் கையில் இருப்பதாக உணர்ந்தாரா என்பவைதான் கணக்கில் வந்தன. நான் இந்தத் துறையில் படித்தவற்றுள் மிகப் பெரிய நம்பிக்கை தந்த முடிவு இதுதான். நோயின் கடுமையை நாம் குறைக்க முடியாது. கூட நிற்கிறவளுக்குக் கூட நிற்க நம்மால் முடியும்.

அப்பாவின் படகுக்கு விடை ஒரு பால்கணக்கு நோட்டில் கிடைத்தது. ஆஸ்பத்திரிச் செலவை எழுத என் தங்கை வைத்திருந்த நோட்டு அது. மருந்து 4,860 ரூபாய், தட்டணு எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று எழுதியவள், போகப்போக வேறு சிலதும் எழுதியிருந்தாள். 'இன்று கண் திறந்தார். என்னைத் தெரியவில்லை.' 'வலது கை கட்டியிருக்கிறார்கள், டியூபை இழுத்தாராம்.' 'படுக்கைப்புண் வராமலிருக்கக் காத்து மெத்தை போட்டாச்சு. மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மெத்தை தானாக ஏறி இறங்குகிறது.' மூன்று மாதம் கழித்து, மாசி மாதத்தில், அப்பா அந்த நோட்டை எடுத்துப் படித்தார். காத்து மெத்தை வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "அது படகு இல்லட்டி, மெத்தை" என்றார்.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் 1980களிலிருந்தே நர்ஸுகள் இப்படி நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதி, வீடு திரும்பியபின் கொடுக்கிறார்கள். கிறிஸ்டினா ஜோன்ஸ் குழு 2010இல் 352 நோயாளிகளிடம் சோதித்தபோது, நாட்குறிப்பு கிடைத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கும் கிடைக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்கும் மன அதிர்ச்சி நோய் புதிதாக வந்தது. 2019இல் பிரான்ஸில் 35 ஐசியூக்களில் நடந்த பெரிய சோதனையில் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே இதை மருந்து என்று சொல்ல மாட்டேன். ஒரு நோட்டுக்கு ஆகிற செலவில் எங்கள் வீட்டில் அது செய்ததைப் பார்த்தவன் என்பதால், எழுதி வையுங்கள் என்று மட்டும் சொல்வேன். தேதி, மணி, என்ன செய்தார்கள், யார் வந்தார்கள். அழகாக எழுத வேண்டியதில்லை.

டாக்டர் பேசும்போது கேட்டுக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள். பிழைக்க வழியில்லாதவர்களின் குடும்பங்களோடு 2007இல் பிரான்ஸில் செய்த சோதனையில், வழக்கமான பேச்சில் குடும்பத்தார் வாய் திறந்தது 5 நிமிடம். நேரம் ஒதுக்கி, அவர்களைப் பேசவிட்ட முறையில் 14 நிமிடம். கையில் ஒரு சிறு விளக்கப் புத்தகமும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதிர்ச்சி அறிகுறிகள் முதல் கூட்டத்தில் 69 சதவீதம், இரண்டாவதில் 45. துக்கம் ஒன்றுதான், பேசக் கிடைத்த ஒன்பது நிமிடமும் அந்தச் சிறு புத்தகமும்தான் கூடுதல். நம் ஊர் ஐசியூக்களில் ஒரு டாக்டருக்கு எத்தனை நோயாளி என்பது தெரிந்தே சொல்கிறேன், இந்த ஒன்பது நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே விடுகிற பத்து நிமிஷத்தில் நோயாளியின் மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்று என்ன கிழமை, வெளியே மழையா வெயிலா என்று காதருகே சொல்லுங்கள். குழம்பிய மூளைக்கு அது பிடிமானம்.

வீட்டுக்கு வந்தபின் நடக்க வைப்பது பெரிய வேலை. 2009இல் அமெரிக்காவில் 104 நோயாளிகளிடம் செய்த சோதனையில், வெண்டிலேட்டரில் இருக்கும்போதே மயக்க மருந்தை நிறுத்திவைத்து உடற்பயிற்சி தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது தன் வேலையைத் தானே செய்யக்கூடியவர்களானார்கள்; வழக்கமான முறையில் 35 சதவீதம். அப்பாவுக்கு வீட்டில்தான் தொடங்கியது. பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை வர 400 ரூபாய். பன்னிரண்டு தடவைக்குமேல் எங்களால் முடியவில்லை. காப்பீட்டுப் பணம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது. பிறகு அப்பாவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். ரதவீதியில் முதல் வாரம் ஒரு கரண்ட் கம்பம் தூரம், அடுத்த வாரம் இரண்டு. மார்கழித் தேரோட்டத்துக்குள் தெற்கு வீதி முடிய நடந்துவிட்டார். 2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம். எங்களுக்கு அப்போது இது இல்லை.

பராமரிப்பவரையும் நோயாளியாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் வராமல் இருந்தால், எதைக் கேட்டாலும் திடுக்கிட்டால், இருந்தென்ன என்று பேச்சு வந்தால், டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டிய ஆள் அவரும்தான். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அப்பா வந்த முதல் எட்டு நாளில் எங்கள் வீட்டுக்கு நாற்பது பேராவது வந்திருப்பார்கள். எல்லோரும் "அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் அம்மாதான் காப்பி போட்டாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் எதிர்வீட்டு அத்தை வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள். "மைனி, நீங்க போயி கொஞ்சம் கிடங்க. அண்ணனை நான் பாத்துக்கிடுகேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா நாலு மணி நேரம் தூங்கினாள். ஒரு மாதத்தில் அவள் சேர்ந்தாற்போலத் தூங்கியது அதுதான்.

உங்கள் தெருவிலும் யாராவது ஐசியூவிலிருந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் அவர்களுக்கு ஏற்கெனவே நிறைய வந்திருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரமாகப் பார்த்துப் போய், இரண்டு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்காருங்கள்.